கையெழுத்து வேறுபடுகிறது

‘அவருக்கு நடிக்கவும் தெரியும் என்று நிரூபித்துவிட்டார்.’ கவர்ச்சிக்குப் பேர்போன நடிகை ஒருவர் கனமான பாத்திரம் ஏற்றுக்கொள்ளும்போதெல்லாம் நம் விமர்சகர்கள் கைக்கு முதலில் அகப்படும் வாக்கியம் இது. பாராட்டுத்தான். ஆனால் ‘நடிக்கவும்’ என்பதிலுள்ள உம்மையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இலக்கணக்காரர்கள் இதை எச்ச உம்மை என்பார்கள்; சொல்லாமல் விட்ட இன்னொன்றைச் சுட்டுவது. இங்கே சொல்லாமல் விட்டது, இதுவரை அவர் செய்துவந்தது நடிப்பு அல்ல என்பது. அப்படியானால் அது என்ன? சூடேறிய விளக்குகளுக்குக் கீழே, நாற்பது ஐம்பது பேர் சுற்றி நிற்க, தன்னிடம் அந்த நேரத்தில் இல்லாத ஒரு ஆசையை இருப்பதாகக் காட்டியது யார்? அதை அவருடைய சுபாவம் என்று நாம் எடுத்துக்கொண்டோம் போலிருக்கிறது. பசியோடு நிற்பவனாக நடித்தால் நடிப்பு, மோகத்தோடு நிற்பவளாக நடித்தால் சுபாவம்.

எனக்குள்ள பிரச்னை நடிப்புக் கலை பற்றியதல்ல. பார்க்கிறவனின் ஒழுக்கம் பற்றியது. ஒருவருக்கு நாமே ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டு, அவர் வேறு முகத்தோடு வந்து நிற்கும்போது அதை மறுக்கவோ, அல்லது பெரிய மனசு பண்ணி அங்கீகரிக்கவோ நமக்கு உள்ள உரிமை எங்கிருந்து வந்தது?

மூன்றாம் பிறையை எடுத்துக்கொள்கிறேன். 1982ல் வந்த படம். நான் பிறப்பதற்கு முன்பே வந்துபோய்விட்டது. என் தலைமுறைக்கு அது டெலிவிஷன் படம். பாலு மகேந்திராவின் தேர்ந்த படங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கமலஹாசனுக்கும், ஒளிப்பதிவுக்காக பாலு மகேந்திராவுக்கும் அது தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. ஆனால் பேச்செல்லாம் ஸ்ரீதேவியைப் பற்றித்தான். அவர் இந்த ஜில்லாக்காரர் - சிவகாசிக்குப் பக்கத்து மீனம்பட்டி. 16 வயதினிலே (1977) மயிலாக அவர் ஏற்கனவே வந்துவிட்டவர் என்றாலும், அழகு என்பது அவருடைய சொத்தாகவும் சுமையாகவும் ஆகிவிட்டிருந்த நேரம் அது. மூன்றாம் பிறையில் அவர் குழந்தையானார். எல்லாரும் வாயடைத்துப் போனார்கள்.

கதையைக் கவனித்தால் வேடிக்கையான ஒன்று தெரியும். ஒரு நவநாகரிகப் பெண் விருந்து முடிந்து கார் ஓட்டிக்கொண்டு வரும்போது விபத்து, நினைவு தப்பிவிடுகிறது, குழந்தையாகிவிடுகிறாள். அதாவது கவர்ச்சி நடிகையின் கவர்ச்சியைக் கதையே ஒரு விபத்தால் துடைத்துவிடுகிறது. அவளுக்குத் தான் அழகி என்பது மறந்துவிட்டது; அதனால் நமக்கும் அவளைக் கூச்சமில்லாமல் பார்க்க அனுமதி கிடைக்கிறது. கடைசியில் நினைவு திரும்புகிறது. கேத்தி ரயில் நிலையத்தில் சீனு குரங்குச் சேட்டையெல்லாம் செய்து காட்டுகிறான். ரயிலில் உட்கார்ந்திருப்பவளுக்கு அவன் யாரென்று தெரியவில்லை. தீவிர ரசிகனின் நிலைமையும் இதுதானே. அடுத்த ஆண்டு ஹிந்தியில் ஹிம்மத்வாலா வந்தது, ஸ்ரீதேவி வடக்கே போனார், நம்மில் பலர் அந்த நடைமேடையிலேயே நின்றுவிட்டார்கள். ‘எப்பேர்ப்பட்ட நடிகை, இப்படிப் போய்விட்டாரே’ என்று இன்னமும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். போனது அவருடைய சொந்த நினைவுக்குத் திரும்பியதாகவும் இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அதே படத்தில் இன்னொரு பெண் இருக்கிறாள். சீனு வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியருடைய மனைவி. புருஷன் வயதானவர் - பூர்ணம் விஸ்வநாதன். அவளுக்கு சீனுவின் மேல் ஆசை. ஸில்க் ஸ்மிதா நடித்தார். கதைச் சுருக்கமாக எழுதிப் பார்த்தால் இந்தப் பாத்திரம் படத்தின் எந்தப் பாத்திரத்துக்கும் குறைந்ததல்ல. வயதான ஒருவரோடு பிணைக்கப்பட்டவள், ஊட்டிக் குளிரில் ஒரு பெரிய வீட்டில் தனியாக இருப்பவள், தான் விரும்புகிறவன் வீட்டில் வேறொரு பெண்ணைக் குழந்தைபோல் வைத்துப் பேணுவதைத் தூரத்திலிருந்து பார்ப்பவள். தி. ஜானகிராமன் கையில் கிடைத்திருந்தால் ஒரு நாவல். படத்தில் அவளுக்கு ஒரு கனவுகூட உண்டு. ஆனால் அந்தக் கனவு ஒரு டான்ஸாக இருக்கிறது. கனவு அவளுடையது, அது எடுக்கப்பட்ட விதமோ கொட்டகையில் உட்கார்ந்திருக்கிற நமக்காக.

நம் வட்டாரத்தில் இதற்கு ஒரு வார்த்தை தயாராக இருக்கிறது: சமரசம். நல்ல கலைஞன், வியாபார நிர்ப்பந்தத்துக்காக ஒரு பாட்டு வைத்துச் சமரசம் செய்துகொண்டான், பாவம். பாலு மகேந்திரா செய்துகொண்ட சமரசத்துக்குத் தவணை கட்டியது யார் என்று பார்த்தால் ஸ்மிதாதான். படம் என்னுடைய பார்வையில் இப்படி ஓடுகிறது: ஸ்ரீதேவியிடமிருந்து எடுக்கப்பட்ட கவர்ச்சி மறைந்துபோய்விடவில்லை. அது ஸ்மிதாவின் பேரில் மாற்றி எழுதப்பட்டது. ஒரு கணக்கில் பற்று, இன்னொன்றில் வரவு, மொத்தம் மாறவில்லை. ஒருத்தி குழந்தையாவதற்கு இன்னொருத்தி வெறும் உடம்பாக வேண்டியிருந்தது. கொட்டகைக்காரருக்கும் விநியோகஸ்தருக்கும் சேர வேண்டியது சேர்ந்தது. நமக்கு ஒரு தூய்மையான படம் பார்த்த திருப்தியும் கிடைத்தது. ‘கனமான பாத்திரம்’ என்று நாம் கொண்டாடுகிற பலவற்றின் பேரேட்டைப் புரட்டினால் எங்கேயாவது இப்படியொரு மாற்றுப் பதிவு இருக்கும்.

கணக்கு பாஷையில் பேசுவது என் உத்யோக தோஷம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு பாங்கில் குமாஸ்தாவாக இருக்கிறேன். கணக்குத் தொடங்கும்போது மாதிரிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு அந்த மனிதர் எப்படி மாறினாலும் - கை நடுங்கத் தொடங்கலாம், பக்கவாதம் வந்து எழுந்திருக்கலாம் - மாதிரியில் உள்ளதுதான் கையெழுத்து. எதிரில் நிற்கிற ஆளைவிட மாதிரிக்குத்தான் மதிப்பு. பொருந்தவில்லையென்றால் ‘கையெழுத்து வேறுபடுகிறது’ என்று காரணம் குறித்துக் காசோலையைத் திருப்பிவிட வேண்டியது. கணக்கில் பணமில்லாமல் திருப்புவது வேறு. இது பணம் இருக்கும்போதே திருப்புவது.

ஸ்மிதாவின் மாதிரிக் கையெழுத்து 1980ல் வண்டிச்சக்கரம் படத்தில் வாங்கப்பட்டது. சாராயக்கடைப் பெண், பாத்திரத்தின் பெயர் ஸில்க். படம் முடிந்தும் பெயர் இறங்கவில்லை. விஜயலட்சுமி என்று ஆந்திரத்தில் பிறந்த பெண் அதோடு முடிந்துபோனாள். ஆனால் மறு ஆண்டே, 1981ல், பாரதிராஜாவின் அலைகள் ஓய்வதில்லையில் அவர் வேறு கையெழுத்து ஒன்று போட்டுக் காட்டினார். கதாநாயகிக்கு அண்ணி, தியாகராஜன் நடித்த முரட்டு அண்ணனின் மனைவி. சேலை கட்டிக்கொண்டு, அதிகம் பேசாமல், கணவனின் யோக்யதை தெரிந்த பின்னும் அந்த வீட்டிலேயே புழங்க வேண்டியவள். அந்த முகத்தில் ஒரு களைப்பு இருக்கும். ஒப்பனைக்காரர் கொடுக்கக்கூடிய களைப்பு அல்ல அது. அந்தக் காசோலையைத் தமிழ் சினிமா திருப்பி அனுப்பிவிட்டது. கணக்கில் பணமில்லை என்றல்ல. அடுத்த ஆண்டு ஊட்டி டான்ஸ். அப்புறம் நூற்றுக்கணக்கான படங்கள், பெரும்பாலும் ஒரே கையெழுத்து. 1996 செப்டம்பரில் சென்னையில் அவர் இறந்தபோது வயது 35.

மாதிரிக் கையெழுத்து விஷயத்தில் இந்த ஊருக்கென்று ஒரு சரித்திரம் உண்டு. 1977ல் எம்.ஜி.ஆர். அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று ஜெயித்துத்தான் முதன்முறையாக முதலமைச்சரானார். அவரும் கையெழுத்து மாறாத நடிகர். ஆனால் அவருடைய கையெழுத்து அவர் கணக்கே வைத்திராத இடத்திலும் செல்லுபடியாயிற்று. திரையில் போட்டதற்குக் கோட்டையில் பணம் கிடைத்தது. ஆணுக்கு மாதிரி மூலதனமாகிறது, பெண்ணுக்குச் சிறையாகிறது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம்தான். ஆனால் அது முழு உண்மையில்லை. சிவாஜி கணேசனுக்கே கடைசிக் காலத்தில் மாதிரி தடையாக இருந்தது. இந்த ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் திருச்சுழி. நான் யார் என்று தன்னையே கேட்டுக்கொள்ளச் சொன்ன ரமணர் 1879ல் அங்கே பிறந்தார். ஒரு நடிகை அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ள அவகாசமே இல்லை. அவள் யார் என்பதை ஜனங்கள் முதல் படத்திலேயே சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

சினிமாதான் இதைக் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் கோயில் விசேஷங்களில் ஸ்பெஷல் நாடகம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த வள்ளி திருமணமோ அரிச்சந்திர மயான காண்டமோ. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று ஆளுக்கொரு பார்ட். ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஒரு ராத்திரிக்குப் பேசிக் கூட்டிவருவார்கள். முதலில் பபூன் வருவார். பிறகு டான்ஸ்காரப் பெண். அவர்கள் இருவரும் பேசுகிற பேச்சில் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள், பெரிசுகள் வேறெங்கோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடுராத்திரி தாண்டித்தான் வள்ளி வருவாள். நாரதரோடு தர்க்கம் நடக்கும். டான்ஸுக்கு வருகிறவர் என்றைக்காவது வள்ளியாக வருவது அபூர்வம். ஏணியின் அடிப்படி அது, அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஊரின் கொச்சையையெல்லாம் முதல் இரண்டு மணி நேரத்தில் டான்ஸ்காரி தாங்கிக்கொண்டு போய்விடுவதால்தான் வள்ளியால் பின்னிரவில் தத்துவம் பேச முடிகிறது. மூன்றாம் பிறையின் கணக்கு முறை இங்கேயே இருக்கிறது.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நாடகத்தில் டான்ஸ்காரி வேலை செய்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும். பகலில் அவள் பஸ்ஸில் வந்து இறங்கி, மேடைக்குப் பின்னால் சீலை மறைப்பில் உட்கார்ந்து ஒப்பனை போட்டதை ஊர்ப்பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அவளை ஊர் மதிக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவளை அவளுடைய பார்ட்டோடு குழப்பிக்கொள்ள, சினிமா கொடுக்கிற அளவு வசதி அங்கே இல்லை.

இதே நாடக மேடையிலிருந்து சினிமாவுக்குப் போனவர் கே.பி. சுந்தராம்பாள். கிட்டப்பாவோடு ஜோடியாக மேடையை ஆண்டவர். 1933ல் கிட்டப்பா இறந்தார்; சுந்தராம்பாளுக்கு அப்போது 25 வயது. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டார். 1935ல் நந்தனார் படத்தில் ஆண் வேஷத்தில் வந்ததற்கு லட்ச ரூபாய் சம்பளம், 1953ல் ஔவையார். அவருடைய குரலைப் பற்றிச் சொல்ல நான் லாயக்கில்லை. ஆனால் அவரை நந்தனாராகவும் ஔவையாகவும் கையெடுத்துக் கும்பிட்ட ஜனங்கள் அதற்கு முன் ஒரு ரசீது கேட்டார்கள், அவர் வாழ்க்கையிலேயே அதைக் கொடுத்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. கவர்ச்சியை மேடையில் துறந்தால் போதாது, வீட்டிலும் துறந்திருக்க வேண்டும். அவர் துறந்தது துக்கத்தால். நாம் அதை யோக்யதாம்சமாக எடுத்துக்கொண்டோம்.

ஆட்சேபம் ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. டிக்கெட் வாங்கியவனுக்கு நம்புவதும் நம்பாததும் அவன் இஷ்டம். நட்சத்திரமும் அந்த மாதிரிக் கையெழுத்தை வைத்துச் சம்பாதித்தவர்தானே. லாபம் வந்தபோது சும்மா இருந்துவிட்டு, பிறகு ‘என்னைச் சிறை வைத்தார்கள்’ என்றால் எப்படி? இதில் நியாயம் இருக்கிறது. மேலும் கவர்ச்சி என்ற பெயரில் திரையில் நடப்பதில் பெரும்பகுதி பெண்ணை இழிவு செய்வதுதான். அதிலிருந்து கனமான பாத்திரத்துக்கு வருவதை ஏற்றம் என்று சொன்னால் என்ன தவறு என்று கேட்கலாம். சொல்லலாம். ஆனால் இழிவு செய்தது கதை எழுதியவர், காமிராவை எந்த உயரத்தில் வைப்பது என்று தீர்மானித்தவர், காசு போட்டவர், காசு கொடுத்துப் பார்த்தவர். நாலு பேரும் சேர்ந்து செய்ததற்கு அதில் உழைத்த ஐந்தாவது ஆள் மட்டும் பரிகாரம் செய்துவிட்டு வர வேண்டும் என்பது என்ன தர்மம்? படத்தை மறுக்க எனக்கு உரிமை உண்டு. ஆளை மறுக்க இல்லை. கண்ணீர் விட்டுக்காட்டிய பிறகு அந்த ஆளுக்கு மன்னிப்பு வழங்கவும் எனக்கு உரிமை இல்லை. மன்னிப்பதும் மறுப்பதைப் போல ஒரு அதிகாரம்தான்.

2011ல் வந்த டர்ட்டி பிக்சர் என்ற ஹிந்திப் படம் இந்த அதிகாரம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டியது. ஸ்மிதாவின் வாழ்க்கையை ஒட்டியது என்று பரவலாகப் பேசப்பட்ட படம். நடித்தவர் வித்யா பாலன்; கனமான நடிகை என்று ஏற்கனவே பெயரெடுத்தவர். அவர் கவர்ச்சி நடிகையாக நடித்தார், அதற்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. விருதுக்குத் தகுதியான நடிப்புத்தான். ஆனால் அதே இடுப்பசைவு, அதே கண். ஒருவர் செய்தபோது சுபாவம். கையெழுத்து வேறாக உள்ள இன்னொருவர் அதைப் பார்த்துச் செய்தபோது கலை. கவர்ச்சியும் பாடுபட்டுக் கட்டிய ஒரு வேஷம் என்று தேசமே ஒப்புக்கொண்டது, பதினைந்து வருஷம் கழித்து, அதைக் கட்டியவர் இல்லாதபோது.

மாற்றுப் பதிவு இல்லாமல் ஒரு நட்சத்திரம் கனமான பாத்திரத்துக்கு வந்த சந்தர்ப்பம் தமிழில் உண்டா என்றால், எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று: ருத்ரையாவின் அவள் அப்படித்தான், 1978. ஸ்ரீப்ரியா அப்போது ஆட்டுக்கார அலமேலு (1977) மாதிரிப் படங்களின் வெற்றி நாயகி. அதற்குப் பிறகும் நீயாவில் (1979) பாம்புப் பெண்ணாக, பில்லாவில் (1980) ரஜினிக்கு ஜோடியாக வந்தார். நடுவில் இந்த மஞ்சு. கவனிக்க வேண்டியது, மஞ்சுவிடமிருந்து எதுவும் துடைக்கப்படவில்லை. விளம்பரக் கம்பெனியில் வேலை, நன்றாக உடுத்துகிறாள், அழகாகத்தான் இருக்கிறாள். பைத்தியம் பிடிக்கவில்லை, நினைவு தப்பவில்லை, கறுப்பு பூசவில்லை. ஒன்றே ஒன்றுதான் எடுக்கப்பட்டது - கடைசியில் நமக்கு அவளைப் பிடித்துப்போகும் என்ற உத்தரவாதம். கமலஹாசன் நடித்த அருண் அவளைப் புரிந்துகொள்ள முயல்கிறான்; அவள் புரிந்துகொள்ளப்படுவதையே சந்தேகிக்கிறாள். அவன் வேறு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு வருகிறான். கவர்ச்சியைச் சுமக்க இன்னொருத்தி அந்தப் படத்தில் வைக்கப்படவில்லை. கறுப்பு வெள்ளைப் படம். வந்த தீபாவளிக்கு ஓடவில்லை. பின்னால் கொண்டாடப்பட்டதெல்லாம் வேறு கதை. ருத்ரையா இன்னும் ஒரு படம்தான் எடுத்தார்.

கறுப்பு பூசுவது என்றேன். கனமான பாத்திரம் என்றால் நம் டைரக்டர்களுக்கு முதலில் தோன்றுவது நடிகையின் தோலை மங்கலாக்குவது. அதுவும் எங்கள் மாதிரிக் கரிசல் வறட்டுப் பூமிப் பெண்ணென்றால் கேட்கவே வேண்டாம். நல்ல சிவப்பான முகத்தில் இரண்டு பூச்சுக் கறுப்பு, எண்ணெய் காணாத தலை, கசங்கிய சேலை. பத்திரிகைகள் ‘ஒப்பனையே இல்லாமல் நடித்திருக்கிறார்’ என்று எழுதும். இரண்டு மணி நேர ஒப்பனை அது.

திருச்சுழி, நரிக்குடிப் பக்கமெல்லாம் சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறார்கள். மூட்டம் பிரித்துக் கரி அள்ளுகிற பெண்களைப் பார்த்தால் கண்ணின் வெள்ளை மட்டும்தான் தெரியும். இவர்களில் சிலர் மகளிர் குழுத் தவணை கட்ட மாசத்துக்கு ஒரு தரம் எங்கள் பாங்குக்கு வருகிறார்கள். வரும்போது குளித்துவிட்டு, முகத்தில் திட்டுத்திட்டாகப் பவுடர் அப்பிக்கொண்டு, ஒரு முழம் பூ வைத்துக்கொண்டு வருவார்கள். புழுக்கத்தில் பவுடர் வழிந்து கழுத்தில் கோடு விழுந்திருக்கும். கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கிற சிலருக்கு அதைப் பார்த்தால் ஒரு சிரிப்பு. எனக்கு அதைவிடத் தீவிரமான ஒப்பனை எதுவும் தெரியவில்லை. கரி அவர்களுடைய உண்மை முகம், பவுடர் பொய் என்று எந்த மேதாவி சொல்வான்? தன்னை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாள் கொஞ்சம் சொல்லிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். நடிகை கறுப்பு பூசுகிறார், இவள் வெள்ளை பூசுகிறாள். பாராட்டு ஒரு பூச்சுக்கு மட்டும் கிடைக்கிறது.

ஆகவே ஒப்பனையைக் கழற்றிவிட்டால் ஆள் வெளிப்பட்டுவிடுவாள் என்ற நம்பிக்கையை நம் விமர்சனம் முதலில் கைவிட வேண்டும். நவீன இலக்கியத்திலும் இந்த மூடநம்பிக்கை இருக்கிறது - அலங்காரத்தைக் கழற்றிவிட்டால் உண்மையாகிவிடும் என்று நினைத்து எழுதப்படுகிற கவிதைகள் இதே பக்கங்களிலும் வந்திருக்கின்றன. (ஆசிரியர் இந்த வரியை விட்டுவைப்பார் என்று நம்புகிறேன்.)

அலைகள் ஓய்வதில்லையை இப்போது யாரும் அந்த இளங்காதலுக்காகவும் இளையராஜாவுக்காகவும்தான் பார்க்கிறார்கள். இனி பார்க்கக் கிடைக்கிறவர்கள் அண்ணி வருகிற இடங்களில் காதலர்களை விட்டுவிட்டு அவரைப் பார்க்கலாம். பெரும்பாலும் ஓரத்தில்தான் நிற்கிறார். காமிரா வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருக்கிறது.